எக்கோத் தகரம்

தேயிலைத் தொழிற்சாலையின் சக்கரங்களைக் காக்கும் ரோதமுனி சாமி மேல் கையடித்துச் சொல்கிறேன்: இனி வரும் கதையில் ஒரு சொல்லும் பொய்யில்லை. மற்றச் சாமிகள் என்றால் பொய்ச் சத்தியத்தை ஒரு தேங்காயோடு மன்னித்துவிடும். ரோதமுனி அப்படியல்ல, வேட்டி நுனியைப் பிடித்துச் சக்கரத்துப் பெல்ட்டுக்குள் இழுத்துவிடும். ஆகையால் கவனமாகவே சொல்கிறேன்.

தெமோதரைக்கு மேலே மேமலைத் தோட்டத்தில் பொன்னையா பாஸ் என்று ஒருவர். பாஸ் என்றால் முதலாளி இல்லை; மரத்தையும் இரும்பையும் பேசவைக்கத் தெரிந்த கைவேலைக்காரர். நாற்பது வருடம் தொழிற்சாலையின் ரோதைச் சக்கரங்களோடு கிடந்துவிட்டு ஓய்வு பெற்றவர். வயது எழுபத்திரண்டு. சீனி வருத்தம் இல்லை, பிரசர் இல்லை, ஆனால் ஐந்து மாதமாகத் தூக்கம் இல்லை. ஒரு குற்றம் செய்திருந்தார். அந்தக் குற்றத்தின் நீளம் இரண்டு மீட்டர், அகலம் ஒரு மீட்டர், தடிப்பு அரை மில்லிமீட்டர்.

குற்றம் வந்த வழியைச் சொல்லவேண்டும்.

பதுளை டவுனில் ஒரு புடவைக்கடையின் மேல்மாடியில் குமாரசிங்கம் மாஸ்டர் பாட்டுப் பதியும் அறை ஒன்று வைத்திருந்தார். ஊர் யாழ்ப்பாணம், தொழில் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிப்பது, பைத்தியம் இந்த அறை. கொழும்பில் மூடிப்போன ஒரு ஸ்டூடியோவின் பழைய சாமான்களை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். ஆள் உயர இரும்பு ராக்கில் பெட்டி மேல் பெட்டி. ஒன்று குரலின் தடிப்பைக் கூட்டும், ஒன்று மெலிவிக்கும். கம்ப்ரசர் என்று ஒன்று, எட்டுக்கட்டைக்கு எகிறும் பாட்டுக்காரனைத் தலையில் தட்டி உட்காரவைக்கும். மாஸ்டர் பெருமையாக, 'நவீன கம்ப்ரசர் வசதி உண்டு' என்று வாசலில் போர்டு போட்டார். அன்று பின்னேரமே இரண்டு திரீவீல்காரர்கள் காற்றடிக்கச் சொல்லி டயரை மாடிப்படியில் உருட்டிக்கொண்டு ஏறிவந்தார்கள். மறுக்க மனமில்லாத மாஸ்டர் ஒரு டயரை மைக்குக்கு முன்னால் வைத்து உருட்டி, கம்ப்ரசரை முடுக்கிவிட்டார். அந்த டயர் அதன்பிறகு ஆறு வருடம் பஞ்சராகவில்லை. சொந்தக்காரர் இன்னும் லுணுகலையில் இருக்கிறார், கேட்டுப் பார்க்கலாம்.

ராக்கில் அடங்காத சாமான் ஒன்றே ஒன்று: எக்கோப் பெட்டி. கட்டில் ஒன்றைப் பக்கவாட்டில் நிறுத்தியதுபோல ஒரு மரப்பெட்டி. எட்டுப் பேர் தூக்கினார்கள், ஒன்பதாவதாக, ஓய்வு நேரத்தில் அந்த அறையின் கைவேலைகளைப் பார்த்துக்கொடுத்த பொன்னையா பாஸ் வழி சொன்னார். உள்ளே இரும்புக் குழாய்ச் சட்டத்தில், நான்கு மூலையிலும் கம்பிச்சுருள் இழுத்துப் பிடிக்க, மெல்லிய உருக்குத் தகடு ஒன்று தொங்கும். பாட்டை அனுப்பினால் தகடு நடுங்கும். அந்த நடுக்கத்தைப் பிடித்து மறுபடி பாட்டோடு சேர்த்தால், கக்கூஸில் பாடியவன்கூடக் கோயில் மண்டபத்தில் பாடியவன் ஆகிவிடுவான். குரல் நின்றபிறகும் ஐந்து விநாடி அது நிற்கும். தகட்டை இழுத்துக் கட்டியது பொன்னையா பாஸின் கைதான். அவர் அதற்கு வைத்த பெயர் எக்கோத் தகரம். மாஸ்டரும் முப்பது வருடம் அப்படியே சொன்னார். அதில்தான் வந்தது வினை.

இரண்டாயிரத்துப் பதினாறில் மாஸ்டரும் மனைவி ஜெயமலரும் மகள் துவாரகாவிடம் கனடாவுக்குப் போனார்கள். ராக் சாமான்களைக் கண்டியிலிருந்து வந்த ஒருவர் கொண்டுபோனார். எக்கோப் பெட்டியும், கடைசி நேர அவசரத்தில் மாஸ்டர் வீட்டுச் சாமான் கொஞ்சம் அள்ளிப்போட்ட ஒரு காட்போர்ட் பெட்டியும் பொன்னையா பாஸின் வீட்டுக்கு வந்தன. மகள் இன்டர்நெட்டில் பார்த்துச் சொல்லிக்கொடுத்த பெயரை, போகிற நாளில் மாஸ்டர் முதல்முதலாக வாயில் எடுத்தார்.

"பாஸ், என்ர பிளேட்டை மட்டும் கவனமாப் பாத்துக்கொள்ளும். ஈரம் படக்கூடாது. ஆரும் தட்டக்கூடாது. அது இல்லாட்டி என்ர பாட்டெல்லாம் கறியில்லாத சோறு."

"கவலையே படாதீங்க மாஸ்டர். என் உசுரு மாதிரிப் பாத்துக்கிறேன்."

பொன்னையா பாஸ் காட்போர்ட் பெட்டியைத் திறந்தார். மேலேயே இருந்தன, நீலப்பூப் போட்ட ஆறு பீங்கான் தட்டுகள். சோறு என்று வேறு மாஸ்டர் வாயாலேயே சொல்லிவிட்டார். பிறகென்ன?

எட்டு வருடம். அந்த ஆறு தட்டும் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் இருந்தன. மாதம் ஒருமுறை வெள்ளைத் துணியால் துடைப்பார். ஒரு பொங்கலுக்கும் அதில் சோறு விழவில்லை.

"அதுக்கு ஒரு சூடத்தையும் காட்டிருங்க" என்பாள் பெண்சாதி தனலெட்சுமி. "நான்தான் இந்த வீட்டுல தகரத் தட்டுல திங்கப் பொறந்தவ."

"அடுத்தவங்க பொருளு. வாயை மூடு."

மாஸ்டர் மாதம் ஒருமுறை போன் எடுப்பார். "பிளேட் எப்பிடி?"

"ஒரு கீறல் இல்லீங்க மாஸ்டர்."

அவ்வளவும் உண்மை. அந்த எட்டு வருடத்தில் பொன்னையா பாஸைப்போல நிம்மதியாகத் தூங்கிய மனுசர் ஊவா மாகாணத்தில் இல்லை.

போன வருடம் ஆடியில், மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று அடித்தது. அந்தக் காற்றின் வேகத்துக்கு ஒரு சாட்சி சொன்னால் போதும்: அப்புத்தளை ஸ்டேஷனில் நின்ற ஒருவரின் மீசை பண்டாரவளையில் இறங்கியது. அதே காற்று, தொழிலாளர் வீட்டு வரிசையான ஐந்தாம் லயத்தில், யசோதினி குடியிருந்த ஒற்றையறைக் காம்பராவின் கூரையிலும் ஒரு தகரத்தைத் தூக்கியது. யசோதினி பொன்னையா பாஸின் தங்கச்சி மகள். ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையோடு வந்து மூன்று நாள். தொட்டிலுக்கு நேர் மேலே வானம் தெரிந்தது.

"மாமா, மழை வந்தா புள்ளைய எங்க வைப்பேன்?" என்றாள்.

பொன்னையா பாஸ் வீட்டுக்கு வந்தார். எக்கோப் பெட்டியைத் திறந்தார். இரண்டு மீட்டருக்கு ஒரு மீட்டர், கூரைக்கென்றே வெட்டியது போல. ஒரு கணம் யோசித்தார் என்றுதான் சொல்லவேண்டும், ஏனென்றால் பிறகு அவரே அந்த ஒரு கணத்தைத்தான் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். 'மாஸ்டர் பிளேட்டைத்தானே கேட்டாரு, தகரத்தக் கேக்கலையே' என்று மனசு சொல்லியது. கேட்டு அனுமதி வாங்கலாமே என்று அதே மனசு இன்னொரு வாயால் சொல்லியது. கனடாவில் அப்போது என்ன நேரமோ, தூங்குகிற மனுசரை எழுப்புவானேன் என்று முதல் வாய் சொல்லியது. பகல் பதினொரு மணிக்குத் தகரம் கூரை ஏறியது.

இரண்டு பூச்சுத் தார். பதினொரு ஆணி. முதல் ஆணி இறங்கியபோது "ஐயோ" என்று ஒரு சத்தம். பொன்னையா பாஸ் விரலில் அடித்துக்கொண்டிருந்தார், 'ஐயோ' அவருடையதுதான். ஆனால் அவர் வாயை மூடி ஐந்து விநாடி கழித்தும் அது முடியவில்லை.

அன்றிலிருந்து அந்தக் காம்பராவில் நடந்தவற்றுக்கு ஐந்தாம் லயமே சாட்சி. பிள்ளை அழுதால் அழுகை கூரையில் போய் நிற்கும். தன் அழுகையைத் தானே கேட்கப் பிள்ளை வாயை மூடிவிடும். யசோதினிக்கும் புருசன் நிஷாந்துக்கும் சண்டை வந்தால், கடைசி எழுத்து மட்டும் மேலே தொங்கும். "போடா" என்றால் "டா" மட்டும் ஐந்து விநாடி. பக்கத்துக் காம்பராக்காரர்கள் எண்ணிக்கொண்டிருந்தார்கள். மானம் போகிறதே என்று யசோதினி எல்லாவற்றையும் "ங்க" போட்டு முடிக்கத் தொடங்கினாள். "நீங்க ஒரு மாடுங்க" என்றால் மாடு மறைந்துவிடும், மரியாதை மட்டும் நிற்கும். தொழிற்சங்கத் தலைவர் ஒருவர் கேள்விப்பட்டு வந்து, கூட்டத்தை அந்தக் காம்பராவுக்குள்ளேயே வைத்தார். அவர் கொடுத்த வாக்குறுதி ஒன்று ஐந்து விநாடி நின்றது. அவர் வாழ்க்கையில் அதிக நேரம் நின்ற வாக்குறுதி அதுதான்.

எல்லாரும் சந்தோசம். பொன்னையா பாஸும் சந்தோசம், புரட்டாதி வரைக்கும்.

புரட்டாதியில் மாஸ்டர் போனில் சொன்னார்: "பாஸ், மாசியில வாறம். ஜெயமலருக்கு எழுபது ஆகுது. குரல் போறதுக்கு முன்னம் அவவின்ர ஒரு பாட்டையாவது அந்தப் பிளேட்டுக்குள்ளால விட்டு எடுத்துப்போடவேணும். உதுதான் எனக்குக் கடைசி ஆசை. பிளேட்டின்ர நாலு மூலையும் தளர்ந்திருக்கும், ஒருக்காப் பாரும்."

பொன்னையா பாஸ் போனைக் காதில் வைத்தபடியே சாமிப்படத்துப் பக்கம் போய் ஒரு தட்டை எடுத்தார். சுற்றிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். வட்டத் தட்டுக்கு ஏது மூலை?

பிறகு புரிந்தது. எட்டு வருடப் பேச்சு முழுவதும் ஒரே மூச்சில், தலைகீழாகப் புரிந்தது.

"என்ன பாஸ், சத்தத்தைக் காணேல்ல? தளர்ந்திருக்கோ?"

"இல்லீங்க மாஸ்டர்" என்றார் பொன்னையா பாஸ். "இறுக்கமாத்தான் இருக்கு."

அதுவும் உண்மைதான். பதினொரு ஆணி. ஆனால் அந்த உண்மையைச் சொன்ன வாய் அன்றைக்குச் சோறு இறக்கவில்லை.

அப்போதே சொல்லியிருக்கலாம். 'தெரியாம நடந்துபோச்சு மாஸ்டர்' என்றால் முடிந்தது. அடுத்த மாதம் சொல்லலாம் என்று வைத்தார். அடுத்த மாதம் மாஸ்டர் படம் கேட்டார். வெற்றுப் பெட்டியின் கதவைச் சாத்தி, தூசி தட்டி, பூட்டுத் தெரிய ஒரு படம் எடுத்து அனுப்பினார். தெரியாமல் செய்தது போய்த் தெரிந்து செய்தது ஆகிவிட்டது. மாஸ்டர் அந்தப் படத்தை, இப்படிப்பட்ட பழைய சாமான் பிரியர்கள் கூடும் ஒரு இன்டர்நெட் குழுவில் போட்டாராம். எங்கெங்கோ இருந்து முந்நூறு பேர் கைகூப்பினார்களாம். "உம்மட பேரையும் போட்டிருக்கிறன் பாஸ். 'நம்பிக்கையான மனிசன்' எண்டு."

அதன்பிறகு கோயிலில் குருக்கள் தீபத் தட்டை நீட்டினால் பொன்னையா பாஸால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. மழை பெய்தால் ஐந்தாம் லயத்துப் பக்கம் காதைப் பொத்திக்கொள்வார். ஒரு துளி விழுந்தால் ஐந்து விநாடி அது மாஸ்டர், மாஸ்டர் என்றே கேட்டது. தகரத்தைக் கழற்றி மறுபடி பெட்டிக்குள் மாட்டிவிடலாமென்று ஒருநாள் ஏணியோடு போனார். தொட்டிலில் பிள்ளை அவரைப் பார்த்துச் சிரித்தது. ஏணியை எடுத்துக்கொண்டு திரும்பிவந்தார். மாஸ்டரிடம் ஒரு குற்றம், பிள்ளையிடம் ஒரு குற்றம். நடுவில் எழுபத்திரண்டு வயது.

மாசியில் வந்துவிட்டார்கள். மாஸ்டர் மெலிந்திருந்தார், கையில் புது ரெக்கோடர் ஒன்று. ஜெயமலர் கொழுத்திருந்தா. வந்த காலோடு மாஸ்டர் பெட்டியிருந்த அறைப் பக்கம் திரும்பினார்.

"மொதல்ல சாப்பாடு மாஸ்டர்" என்று பொன்னையா பாஸ் குறுக்கே நின்றார். "எட்டு வருசம் நின்ன பெட்டி, எங்க ஓடப்போவுது?"

உள்ளே, தனலெட்சுமி தன் வாழ்க்கையின் ஒரே பழியைத் தீர்த்துக்கொண்டிருந்தாள். பொருளுக்குச் சொந்தக்காரர்களே வந்துவிட்டார்கள், இனித் தடை ஏது? சோறு நீலப்பூத் தட்டுகளில் வந்தது.

ஜெயமலர் ஒரு வாய் வைத்தா. பருப்பை ஒதுக்கினா. நீலப்பூ தெரிந்தது. கை நின்றது.

"இஞ்சாருங்கோ. இது என்ர அம்மா தந்த பிளேட்டெல்லோ?"

மாஸ்டர் குனிந்து பார்த்தார். "அப்பிடித்தான் கிடக்கு."

"நீங்கதானே அம்மா குடுத்துட்டுப் போனீங்க" என்றார் பொன்னையா பாஸ், தன் வாழ்க்கையில் மிஞ்சியிருந்த ஒரே நல்ல காரியத்தைக் கையில் பிடித்துக்கொண்டு. "ஒரு கீறல் விழாமப் பாத்துக்கிட்டேன்."

ஜெயமலர் தட்டைத் தள்ளிவைத்தா. "நான் உதை என்ர தங்கச்சி எடுத்தவள் எண்டெல்லோ நினைச்சன். எட்டு வருசமா அவளோட கதைக்கிறேல்ல. அவளின்ர மகளின்ர கலியாணத்துக்கும் போகேல்ல. 'கள்ளி' எண்டு அவளுக்குக் கடிதமும் போட்டன்."

"நான் அப்பவே சொன்னனான்..." என்று மாஸ்டர் தொடங்கினார்.

"நீங்கள் ஒண்டும் சொல்லேல்ல! 'ஓம், அவளாத்தான் இருக்கும்' எண்டனீங்கள். கடிதத்துக்கு முத்திரை ஒட்டினதும் நீங்கள்தான்."

மாஸ்டர் அதன்பிறகு தன் தட்டைப் பார்த்தே சாப்பிட்டார். ஜெயமலர் கை கழுவினா. "அவளிட்ட மன்னிப்புக் கேக்காமல் நான் இனி வாய் திறந்து பாடமாட்டன். ரெக்கோடரை உள்ள வையுங்கோ."

பொன்னையா பாஸ் நீலப்பூத் தட்டுகளைப் பார்த்தார். கெடுத்ததுதான் குற்றம் என்று இருந்தார். காத்ததும் குற்றமாகிவிட்டது. கடைசி ஆசையின் தகடு கூரையில். கடைசி ஆசையின் குரல் ஆறு தட்டில் அடைத்துக்கொண்டது. இரண்டும் அவர் கைவேலை.

"மாஸ்டர்" என்றார். "பிளேட்டைப் பாக்கணும்னா மேல வாங்க. இங்க இல்ல."

மூவரும் ஐந்தாம் லயத்துக்கு ஏறினார்கள். யசோதினி கதவைத் திறந்தாள். பிள்ளை தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது. உள்ளே போனதும் பொன்னையா பாஸ் கையைக் கட்டிக்கொண்டார். ஐந்து மாதமாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய பேச்சு ஒன்று அவரிடம் இருந்தது.

"மாஸ்டர், நான் பொய் சொல்லிட்டேன்" என்றார் மெதுவாக.

'சொல்லிட்டேன்' கூரையில் போய் நின்றது. பழைய ஒலிப்பதிவுக்கூடப் பழக்கம். ஒரு சத்தம் அடங்குமுன் அடுத்ததைத் தொடங்கக் கூடாது. ஐந்து விநாடி காத்திருந்தார்.

"தகரத்த எடுத்தது கச்சான் காத்துல."

ஐந்து விநாடி.

"படம் அனுப்பினது வெறும் பொட்டி."

ஐந்து விநாடி. சொன்ன குற்றத்தை மறுபடி கேட்டு, அடங்கவிட்டு, அடுத்ததைச் சொல்வது எப்படிப்பட்ட வேலையென்று பொன்னையா பாஸுக்கு மட்டும்தான் தெரியும். தன் குரல் இவ்வளவு அழகாக இருக்குமென்று அவர் நினைத்ததேயில்லை. அது இன்னும் கேவலமாக இருந்தது.

மாஸ்டர் இரண்டாவது வசனத்திலேயே அண்ணாந்துவிட்டார். யசோதினியிடம் முக்காலி வாங்கி ஏறினார். நகத்தால் தகட்டைத் தட்டினார். கண்ணை மூடிக் கேட்டார்.

"ஆணி எத்தினை?"

"பதினொண்ணுங்க."

"தார்?"

"ரெண்டு பூச்சுங்க."

"இடப்பக்கம் கொஞ்சம் அமத்திப் பிடிக்குது" என்றார் மாஸ்டர். இறங்கினார். தொட்டிலைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், கையிலிருந்த ரெக்கோடரைப் பார்த்தார். அதைப் பைக்குள் போட்டார்.

அதுதான் பொன்னையா பாஸால் தாங்க முடியாமல் போனது. "ஏசுங்க மாஸ்டர்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். "நல்லா நாலு வார்த்தை ஏசுங்க. அஞ்சு மாசமா அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கேன். ஏசினாத்தான் எனக்கு ஒறக்கம் வரும்."

மாஸ்டர் விரலை வாயில் வைத்தார். "இஞ்ச ஏசேலாது பாஸ்" என்றார் காற்றுக் குரலில். "ஐஞ்சு செக்கன் நிக்கும். பிள்ளை எழும்பிடும்."

"அப்ப வெளிய வாங்க."

வாசலுக்கு வந்தார்கள். மாஸ்டர் கமுக்கட்டில் பையை இடுக்கிக்கொண்டு தேயிலை மலையைப் பார்த்து நின்றார். மூச்சை இழுத்தார். வாயைத் திறந்தார். பொன்னையா பாஸ் கண்ணை மூடித் தலையைக் கொடுத்தார்.

"என்ன மனிசனப்பா நீர்" என்றார் மாஸ்டர். சொன்னது சொன்ன இடத்திலேயே விழுந்து செத்தது. அவர் அதைக் கேட்டுப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "வெளியால எக்கோ இல்லை பாஸ். வறண்டு கிடக்கு. இப்பிடி ஏசினால் எனக்கே பிடிக்காது."

ஏசாமலே இறங்கிப் போனார். ஜெயமலர் பின்னால் போனா, போனில் தங்கச்சியின் நம்பரைத் தேடுவதும் பைக்குள் போடுவதுமாக. பொன்னையா பாஸ் வாசலிலேயே நின்றார். உள்ளே பிள்ளை புரண்டது. அந்தச் சிறு முனகல் ஐந்து விநாடி அவர் தலைக்கு மேல் நின்றது. அன்றும் அவருக்குத் தூக்கமில்லை, அதற்கடுத்த நாளும் இல்லை.

மேமலைத் தோட்டத்து லயங்கள் அத்தனைக்கும், கட்டிய நாளிலிருந்து இன்றுவரை, ஓட்டுக் கூரை; தகரம் ஒன்றுகூட இல்லை. என் வேட்டி நுனியை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் இதையும் சொல்கிறேன்.